அளந்து போட்ட சோறு: லயத்துத் தட்டும் எடைக்குறைப்பும்

‘டயட்’ என்ற சொல் இப்போது லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி தீபாவளி லீவுக்கு வந்தால், “இராச்சாப்பாடு வேணாம், டயட்ல இருக்கேன்” என்கிறான். கெம்பஸில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் பிளேன் டீயிலேயே ஓட்டுகிற தோழிகள் எங்களுடைய ஒவ்வொரு பெட்சிலும் இருக்கிறார்கள். யூடியூப்பைத் திறந்தால் முப்பது நாளில் பத்துக் கிலோ குறைக்கலாம் என்கிறார்கள். அந்த வீடியோக்களில் வருகிற ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் ஹட்டன் டவுனில் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

மலையகத்தில் எடைக்குறைப்பைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் எங்கள் குழுவிலேயே சிலர் சிரித்தார்கள். “நம்ம ஆட்களுக்குச் சாப்பாடே பத்தல, இதுல எடையைக் குறைக்கிறதா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்து வைத்தியசாலைக்கு கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்க வரிசையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதற்குத் தடித்தவர்களாகவே இருக்க மாட்டார்கள். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே இருக்கும். கையும் காலும் மெலிந்திருக்கும். ஒரே வீட்டில் பேரப்பிள்ளைக்கு நிறை காணாது என்று திரிபோஷா கொடுக்கிறார்கள், அம்மாயிக்குச் சீனியைக் குறைக்கச் சொல்கிறார்கள். இது எப்படி நடந்தது? பதில் எங்கள் சாப்பாட்டுத் தட்டின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் டயட்டைத் தொடங்கினால், எங்கள் முன்னோர்மீது செய்யப்பட்டதையே நாங்கள் எங்கள்மீது திரும்பச் செய்துகொள்வோம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

ஒரு றாத்தல் கணக்கு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். பஞ்ச நிவாரண வேலைத்தலங்களில் கல் உடைத்து, மண் சுமந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது என்ற கேள்வி வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த அதிகாரி சேர் ரிச்சர்ட் டெம்பிள், நாளைக்கு ஒரு றாத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877இல் முடிவு செய்தார். ஒரு றாத்தல் என்றால் 454 கிராம். நாள் முழுக்கக் கடும் உடலுழைப்புச் செய்கிறவருக்கு அவ்வளவுதான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்குத் தானியமும் கூடுதலாக வேண்டும், பருப்பும் வேண்டும் என்பது அவருடைய வாதம். ‘டெம்பிள் கூலி’ என்ற பெயரில் அது வரலாற்றில் நின்றுவிட்டது. ஓர் உடம்பு விழுந்துவிடாமல் வேலை செய்வதற்குக் குறைந்தது எவ்வளவு போட வேண்டும் என்று ஓர் அரசாங்கம் கணக்குப் பார்த்தது. கலோரிக் கணக்கின் ஒரு பழைய முகம் இது.

அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பிக் கடல் கடந்தவர்களில் பெருந்தொகையானோர் இலங்கைக்கு வந்தார்கள். கோப்பிக் காலம் 1820களிலேயே தொடங்கிவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலை முழுக்கப் பரவியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்துபோனால் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பமாக வந்து லயத்தில் தங்கினார்கள்.

தங்கினவர்களுக்குச் சோறு? வயல் இல்லை. கடைக்குப் போவதென்றால் பல மைல். தோட்டமே அரிசியை இறக்கி, கிழமைக்குக் கிழமை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. வேலைக்குப் பேர் விழுந்தால் அரிசி, பேர் விழாவிட்டால் கடன். இரண்டு கணக்கும் ஒரே புத்தகத்தில் ஓடின.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் சட்டத்தின்படி 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோதும் இந்தப் பிணைப்பு விடவில்லை. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்தச் சம்பளமே, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை ஓர் அளவுக்கு மேல் போகாது என்ற கணக்கில்தான் நிர்ணயிக்கப்பட்டது. அரிசியைத் தவிர உடம்புக்கு வேண்டிய பருப்பு, மீன், மரக்கறி, பால் எல்லாம் மிச்சக் காசில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. அதே மலையில் அதே கூடையைச் சுமந்த பெண்ணுக்கு மிச்சம் இன்னும் குறைவு. ஆண், பெண் சம்பளம் சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரொட்டி எப்போது வந்தது?

‘மலையகச் சாப்பாடு’ என்றாலே இப்போது எல்லோருக்கும் ரொட்டிதான் ஞாபகம் வருகிறது. தடித்த தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், சாயத்தண்ணி. இது எங்கள் பரம்பரைச் சாப்பாடு என்றே பலர் நம்புகிறோம். ஆனால் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள் கோதுமை தின்ற ஆட்கள் இல்லை. கம்பு, கேழ்வரகு, சோளம், கிடைத்தால் அரிசி. அதுதான் அவர்களுடைய தட்டு.

கோதுமை மா பெரிய அளவில் எங்கள் தட்டுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரோடுதான். இலங்கை அப்போது சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி, அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாக அவுஸ்திரேலிய மா வந்தது. போர் முடிந்த பிறகும் மா போகவில்லை. பின்னாளில் அமெரிக்க உணவு உதவியாக மலிவு மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கியது.

மா ஏன் லயத்தில் மற்ற இடங்களைவிட ஆழமாக வேர் விட்டது? பெரட்டுக்கு ஏழு மணிக்கு நிற்க வேண்டும். பெண் நாலரைக்கே எழும்பி அடுப்பு மூட்டுகிறாள். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். ரொட்டி சுட அரை மணித்தியாலம் போதும். மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், மழையில் நனையாது, கெட்டுப்போகாது, கறி இல்லாமலும் இறங்கும், வயிற்றில் நிற்கும். விலையும் கட்டுப்படி. அந்த நேரத்துக்கும் அந்தக் காசுக்கும் அதைவிடப் புத்திசாலித்தனமான சாப்பாடு இருக்கவில்லை. ஆகவே ரொட்டியைத் திட்டுவதற்கு நாங்கள் இங்கே வரவில்லை. 18, 20 கிலோ கொழுந்து எடுத்து, சரிவில் ஏறி இறங்கின உடம்பு அந்த ரொட்டியை எரித்துவிட்டது.

சீனியின் கதையும் இதே மாதிரிதான். சிட்னி மின்ட்ஸ் என்ற மானிடவியலாளர் 1985இல் சீனியின் வரலாற்றைப் பற்றி ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் நல்ல சாப்பாட்டுக்குக் காசில்லாமல், சீனி போட்ட சூடான தேநீரிலும் பாணிலும் ஜாமிலும் தங்கள் சக்தியைத் தேடிக்கொண்டதை அதில் காட்டுகிறார். கரீபியத் தோட்டத்தின் சீனியும் ஆசியத் தோட்டத்தின் தேயிலையும் மான்செஸ்டர் தொழிலாளியின் கோப்பையில் சந்தித்தன. அதே கோப்பை லயத்திலும் இருந்தது. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போனது. டஸ்ட் எங்களுக்கு. பாலுக்குக் காசில்லை, சீனி கூப்பனில் கிடைத்தது. பசியை அடக்க, குளிரை அடக்க, களைப்பை அடக்க, மூன்று கரண்டிச் சீனி போட்ட சாயத்தண்ணி.

பஞ்ச காலம்

1966 இறுதியில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் பங்கீட்டு அரிசியைப் பாதியாக்கியது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய், தானிய விலைகள் ஏற, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் பங்கீட்டை மேலும் வெட்டியது. அரிசியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தவர்களுக்கு வயலும் தோட்டக்காணியும் கொஞ்சமாவது கைகொடுத்தன. லயத்துக்கு எதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பான்மையோர் நாடற்றவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி யார் போவது, யார் இருப்பது என்ற கணக்கு ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வாக்கில்லாதவர்களின் பசி பாராளுமன்றத்தில் பெரிதாகக் கேட்கவில்லை.

1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. தோட்டப்புற இறப்பு விகிதம் சடுதியாக ஏறியது, குழந்தைச் சாவும் ஏறியது. மலைநாட்டு நகரங்களின் தெருக்களில் தோட்டத்து மக்கள் பிச்சை எடுத்தார்கள். வன்னிக்கு நடந்தவர்களும் உண்டு. அம்மாயிமார் இதைப் பற்றி விபரமாகப் பேச மாட்டார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தால் மட்டும், “அந்தப் பஞ்சத்துல இதுதான் எங்கள காப்பாத்திச்சு” என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். திரிபோஷா தொடங்கிய வருடமும் 1973தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் வெளியே போய் வருவோம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது வயிற்றிலிருந்த பிள்ளைகளைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு வந்த மகன்களிடையே உடற்பருமன் கூடுதலாக இருந்தது. அந்தப் பஞ்சத்தை வயிற்றில் கண்டவர்களிடம் நடுவயதில் இரத்தச் சீனி கட்டுப்படுவதும் குறைவாக இருந்தது. டேவிட் பார்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1980களிலிருந்து இதை ஒரு கருத்தாகவே வளர்த்தார். வயிற்றிலேயே பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததைச் சேமிக்கப் பழகிக்கொள்கிறது. பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பழக்கமே நோயாகிறது.

1974இல் லயத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கிளினிக் வரிசையில் நிற்கிற வயது. பஞ்சம் அவர்களோடு முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2016இல் எடுக்கப்பட்ட இலங்கையின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். அதற்குப் பிறகுதான் 2021இன் உரத்தடையும், 2022இன் நெருக்கடியும், மா விலை தலைக்கு மேல் ஏறியதும் வந்தன.

மெலிந்தும் தடித்த உடம்பு

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜோன் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு ஒரே கதையைச் சொன்னது, உடம்புக்குள்ளே இரண்டு கதை இருந்தது. தெற்காசிய உடம்புகளில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதல் என்பதை அந்த ஒரு படம் எல்லோருக்கும் விளக்கியது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்க வேண்டாம், பிஎம்ஐ 23 தாண்டினாலே கவனிக்கத் தொடங்குங்கள் என்றது.

இப்படிப்பட்ட உடம்போடு எங்கள் தலைமுறை மலையை விட்டு இறங்கிவிட்டது. 1953இல் ஜெரி மொரிஸ் என்பவர் லண்டன் பஸ்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளைவிட, இரட்டைத்தட்டு பஸ்ஸில் படி ஏறி இறங்கும் கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு. ஒரே கம்பனி, ஒரே பஸ், வேலை மட்டும் வேறு. எங்கள் வீட்டிலும் இதே ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. அம்மாயி மலையில் ஏறினார். அம்மா பாதி வாழ்க்கை மலையிலும் மீதி ஊருக்கு வெளியே வீட்டுவேலையிலும் கழித்தார். நாங்கள் லெக்சர் ஹோலில், கடைக் கவுண்டரில், கார்மென்ட்ஸ் மெஷினுக்கு முன்னால் இருக்கிறோம். ஆனால் தட்டு மாறவில்லை. மலை ஏறுகிறவருக்கான ரொட்டியும் சீனியும் அப்படியே இருக்க, மேலதிகமாக ரோல்ஸ், கொத்து, நூடில்ஸ், சோடா சேர்ந்திருக்கின்றன. அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இதில் ‘சோம்பேறி’, ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்ற பட்டங்களுக்கு எங்கே இடம்?

அப்படியென்றால் எடையைக் குறைப்பது எப்படி?

முதலில், பட்டினி வேண்டாம். இதற்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்தோடு 24 கிழமை அரைப்பட்டினி போட்டார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைய பல ‘டயட் பிளான்’களில் இருப்பதைவிடக் கூடவே. உடல் நிறையில் கால்வாசி போனது. கூடவே போனவை தசை, உற்சாகம், படிப்பில் கவனம், சிரிப்பு. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சோதனை முடிந்ததும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை. திரும்பி வந்த நிறையில் கொழுப்பு முந்திக்கொண்டது, தசை பின்தங்கியது. ஏற்கெனவே தசை குறைவான எங்கள் உடம்புக்கு இது என்ன செய்யும்? இரத்தச்சோகை இருக்கிற பெண் காலைச் சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும்? மாதம் நான்கு கிலோ இறங்கியது என்று ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இரண்டாவது, எங்களுக்கு மிகக் கிட்டின ஓர் ஆய்வு. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பகுதியினருக்குச் சீனியையும் வெள்ளை மாச்சத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நாளைக்கு அரை மணித்தியாலம் நடப்பது, அதைத் தொடர்ந்து நினைவூட்டுவது. மூன்று வருடத்தில் முதல் பகுதியில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, வாழ்க்கைமுறையை மாற்றிய பகுதியில் 39.3 சதவீதம் பேருக்கு. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய நிறை பெரிதாக இறங்கவே இல்லை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு மாதம் நடந்துவிட்டு, “ஒரு கிலோ கூடக் குறையல்ல” என்று நிறுத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான்:

சாயத்தண்ணியிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 15 கரண்டி, சுமார் 60 கிராம் சீனி, 240 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பழையவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துத் தொட்டுக்கொண்டு வெறும் சாயம் குடிப்பார்களே, அந்தப் பழக்கத்தில் சீனி கரண்டிக் கணக்கில் போகாது. திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

ரொட்டியை விட வேண்டாம், கூட்டாளியை மாற்றுங்கள். மூன்று ரொட்டியும் கட்டசம்பலும் என்பதை ஒன்றரை ரொட்டியும் ஒரு கிண்ணம் பருப்பும் கீரையும் ஆக்குங்கள். மாவில் பாதி குரக்கன் சேர்க்கலாம். குரக்கன் எங்களுக்கு அந்நியமில்லை, கப்பல் ஏறுவதற்கு முன் தின்ற கேழ்வரகுதான் அது. அவித்த கடலை, பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, சோயா மீட் இதில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருந்தால் பசி தாங்கும், தசையும் கரையாது. வல்லாரையும் பொன்னாங்காணியும் பீலிக்கரையில் காசில்லாமல் கிடைக்கும். நுவரெலியாவில் விளைகிற கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறியில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. போகிற வழியில் லயத்துச் சட்டியிலும் கொஞ்சம் விழ வேண்டும்.

பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். எல்லோரும் சாப்பிட்டு, கறி முடிந்து, சட்டியை வழித்துச் சோற்றை மட்டும் தின்கிறவருக்கு மாச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. இதை எந்த டயட் சார்ட்டும் சொல்லித் தராது. ஆனால் எங்கள் அம்மாமாரின் உடம்பில் அது எழுதியிருக்கிறது.

நடவுங்கள். கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். தோட்டத்து ரோட்டின் ஏற்றம் எந்த ஜிம் மெஷினுக்கும் குறைந்ததில்லை. முதல் கிழமை பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கினால் பத்து நிமிடமே நடவுங்கள். கூடவே கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி உட்காருவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, படி ஏறுவது. பொம்பளைப் பிள்ளைகள் தனியாக ரோட்டில் நடந்தால் கதை கட்டுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். கதை கட்டுகிறவர்களின் அம்மாமாரையும் கூப்பிடுங்கள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவரிடம் மட்டும் ‘எக்சர்சைஸ் செய்யுங்க’ என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது ஓய்வும் முட்டையும்.

தராசோடு நூலையும் வைத்துக்கொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம். கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் தாராளம். மொத்த நிறையில் ஐந்து சதவீதம் இறங்கி, அது ஒரு வருடம் அப்படியே நின்றால் அதுவே பெரிய வெற்றி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் கிளினிக்கில் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

தட்டு யாருடையது?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நாள் சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ரூபாய் வந்தது, அதற்குள் விலைவாசி எங்கோ போய்விட்டிருந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு முட்டை என்பதே பெரிய கணக்கு. ஆகவே ‘நீ மனசு வைத்தால் முடியும்’ என்ற பேச்சை நாங்கள் முழுதாக ஏற்கவில்லை. வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு துண்டுக் காணி, பிள்ளைக்காம்பராவில் மத்தியானம் பருப்பும் முட்டையும், கெம்பஸ் கென்டீனில் அவித்த கடலை, தோட்டத்து மைதானத்தில் பெண்களுக்கும் ஒரு நேரம் என்று கேட்பதும் எடைக்குறைப்பின் பகுதிதான். சம்பளத்துக்காகப் போராடும்போது அதில் சோறு மட்டுமில்லாமல் கறியும் அடங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோர்னிஷ் 1877இல் கேட்ட பருப்பு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஆனால் சம்பளம் கூடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சாயத்தண்ணியில் ஒரு கரண்டி குறைவதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். டெம்பிள் அளந்தார், துரை அளந்தார், கூப்பன் அளந்தது. இனி யாரோ ஒரு யூடியூப்காரரும் அளந்து தர வேண்டாம். அடுத்த முறை உங்கள் அம்மாயியோடு உட்காரும்போது, சின்ன வயதில் என்ன சாப்பிட்டார், பஞ்சத்தில் என்ன சாப்பிட்டார், எந்தக் கீரையை எங்கே பறித்தார் என்று கேட்டுப் பாருங்கள். எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். இந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் கேட்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.